1,87,000 கி.மீ. ஓடிய டிசையரை வாங்கலாமா?

வாசகர் கேள்வி

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியர். வீட்டில் மனைவி, படிக்கிற இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியால் பஸ் படி ஏற முடியாத அம்மா. இதுவரை பைக்தான், இது முதல் கார். தெரிந்த புரோக்கர் ஒருவர் 2014 ஜூனில் பதிவான மாருதி ஸ்விஃப்ட் டிசையர் விடிஐ டீசல் கார் ஒன்றைக் காட்டியிருக்கிறார். 1,87,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செகண்ட் ஓனர். விலை 3,60,000 ரூபாய். முதல் ஓனர் சென்னைக்காரர், டி.என். 07 நம்பர். 2016 மார்ச்சில் இப்போதைய ஓனர் பெயருக்கு மாறியிருக்கிறது. ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது, என்.ஓ.சி. (வங்கியின் ஆட்சேபனையில்லைச் சான்று) அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். ஞாயிற்றுக்கிழமைக்குள் 20,000 ரூபாய் டோக்கன் கேட்கிறார், திருப்பித் தரமாட்டார்களாம்.

இன்னொரு பக்கம், உறவினர் வழியாக 2013 மாடல் வேகன் ஆர் பெட்ரோல் கார் ஒன்றும் வந்திருக்கிறது. 61,000 கி.மீ., ஒரே ஓனர், 3,10,000 ரூபாய். வாசகரின் கையில் 2 லட்சம் இருக்கிறது, மீதிக்கு நகைக்கடன். மாதம் சுமார் 700 கி.மீ. ஓடும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார்: தினமும் பள்ளிக்கு 7 கி.மீ. போக வர, வாரம் ஒருமுறை ஈரோடு. "டீசல் இன்ஜின் 3 லட்சம் வரை அசையாது, டைமிங் பெல்ட்டும் கிடையாது, செயின்தான், அதனால் செலவே வராது என்கிறார்கள். 10 வருடம் ஆன டீசல் வண்டியை ஓட்டவிட மாட்டார்கள் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

வாகன மதிப்பீட்டாளரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிற விலைக்கு அந்த டிசையரை வாங்காதீர்கள். விலை இறங்கி, கீழே சொல்லும் சோதனைகளிலும் தேறினால் யோசிக்கலாம். அப்போதும் உங்கள் ஓட்டத்துக்கு வேகன் ஆர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. 1,87,000 என்ற எண் இதற்குக் காரணமல்ல. அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கவும் வேண்டாம், "டீசல்தானே" என்று தைரியப்பட்டிருக்கவும் வேண்டாம்.

டெல்லி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 10 வருட டீசல் தடை என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் டெல்லி தலைநகர்ப் பகுதிக்காக இட்ட உத்தரவுகளிலிருந்து வந்த பேச்சு. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். இந்த டிசையருக்கு 2029 ஜூன் வரை. அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்குச் சோதனை) காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஆனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க மறுவிற்பனை விலை சரியும். வாங்கி மூன்று வருடத்தில் விற்றுவிடலாம் என்று நினைத்தால் அதைக் கணக்கில் வையுங்கள். வேகன் ஆருக்கு அந்தத் தேதி 2028-லேயே வந்துவிடும்.

டீசல் உங்களுக்கு லாபமா?

டீசல் லிட்டர் 93, பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிசையர் 19 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு 4.90 ரூபாய். வேகன் ஆர் 16 கொடுத்தால் 6.30 ரூபாய். வித்தியாசம் 1.40 ரூபாய். மாதம் 700 கி.மீ.க்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், வருடத்துக்கு 12,000. டிசையரில் டீசலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றே ஒன்று போனால் இந்த லாபம் முழுக்கப் போய்விடும். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவருக்கு டீசல் கணக்கு வேறு. உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று. உங்கள் ஓட்டத்தில் பாதி 7 கி.மீ. தூரத்துக்குள் முடிகிறது. டீசல் இன்ஜின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். சூடேறாமல் ஓடும் டீசலில், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலும் எண்ணெய்ப் பசையோடு கரி படியும். பிக்கப் குறையும், கறுப்புப் புகை வரும். 2014 மாடல், பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிப்படி வந்த வண்டி என்பதால், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் அடைக்கிற தொல்லை கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். நெடுஞ்சாலையில் ஓடி ஓடியே 1,87,000 தொட்ட இன்ஜின் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. அதை வாங்கித் தினமும் 7 கி.மீ. ஓட்டினால் அந்த நல்ல நிலையை நீங்களே கெடுப்பீர்கள்.

"செயின் என்றால் செலவே இல்லை"

இது பாதி உண்மை. டிசையரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்ட்டிஜெட் இன்ஜின், மாருதி இதை டிடிஐஎஸ் என்று விற்றது. உழைக்கிற இன்ஜின்தான். ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ என்று பல வண்டிகளில் வந்ததால், 2020 ஏப்ரலில் மாருதி டீசலை நிறுத்திய பிறகும் பார்ட்ஸ் கிடைக்கிறது, கை பழகிய மெக்கானிக்குகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆனால் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் அந்த டைமிங் செயின் ஓடுவது இன்ஜின் ஆயிலில். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வதும் ஆயில் பிரஷரில். 10,000 கி.மீ.க்கு ஆயில் மாற்றாமல் 15,000, 20,000 என்று இழுத்த வண்டியில் செயின் நீளும், கைடு தேயும். அடையாளம் இது: இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், ஆயில் பிரஷர் ஏறும்வரை ஓரிரு விநாடி, இன்ஜினின் செயின் கவர் பக்கமிருந்து சங்கிலியை உலுக்குகிற மாதிரி ஒரு கடகட சத்தம். சூடான இன்ஜினில் அது கேட்கவே கேட்காது. புரோக்கர் எப்போதும் மாலையில், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வண்டியைக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தத்தை அலட்சியம் செய்தால் ஒருநாள் செயின் பல் தாண்டும். ராக்கர் ஆர்ம்கள் உடையும், வால்வு வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். செயின், டென்ஷனர், கைடு எல்லாம் சேர்த்து மாற்ற வெளிப் பட்டறையில் 15,000 முதல் 20,000 வரை ஆகும். ஹெட் வேலையும் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

அதனால் ஓனரிடம் "செயின் கிட் மாற்றியாச்சா, பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "இன்ஜின் கை படாத வண்டி சார்" என்று பெருமையாகச் சொல்வார். 1,87,000-ல் அது பெருமையில்லை. அடுத்து கை வைக்கப் போவது நீங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மீட்டர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

அதிகம் ஓடியதாகக் காட்டும் மீட்டர் நேர்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். 2,87,000 ஓடிய வண்டியையும் 1,87,000 ஆக்கலாம், டிஜிட்டல் மீட்டரில் அது சில நிமிட வேலை. அதே சந்தேகம் வேகன் ஆருக்கும் உண்டு. 61,000 என்றால் மாதம் 400 கி.மீ. சொச்சம், வயதான ஓனர் என்றால் நம்பக்கூடியதுதான், ஆனாலும் பாருங்கள்.

முதல் சான்று, கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு. ஓனரையே கூட்டிக்கொண்டு போய் வண்டி நம்பரைக் கொடுத்து, தேதிவாரியாக எத்தனையாவது கி.மீ.யில் சர்வீஸ் நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். 2019-ல் 1,40,000 என்று இருந்துவிட்டு அதன்பின் பதிவே இல்லையென்றால், மிச்சத்தை வெளிப் பட்டறை பில்களில் தேடுங்கள். பில்லும் இல்லையென்றால் மீட்டரில் உள்ளதை விடக் கூடுதலாக ஓடியதாகவே வைத்து விலை பேசுங்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டீயரிங்கின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் நைந்திருப்பது இவையும் பேசும். சீட் கவர் புதிதாக இருந்தால் கழற்றிப் பாருங்கள்.

வருடத்துக்கு 16,000 கி.மீ.க்கு மேல் ஓடிய டிசையர் என்றால் டி-போர்டாக (வாடகை வண்டியாக) ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாற்றியதா என்றும் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் வாகன வகுப்பையும், ஆரம்ப காலத்து இன்ஷூரன்ஸ் பாலிசி தனியார் காருக்கானதா வாடகைக் காருக்கானதா என்பதையும் பாருங்கள். டாக்சியாக ஓடியதே குற்றமில்லை, ஒழுங்காகச் சர்வீஸ் ஆன டாக்சிகளும் உண்டு. ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும்.

2016 மார்ச் என்ற தேதி

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விவரம் என் கண்ணில் பட்டது. டி.என். 07 என்பது திருவான்மியூர் ஆர்.டி.ஓ. அங்கே 2014 ஜூனில் பதிவான புது வண்டி இரண்டு வருடம்கூட ஆகாமல் 2016 மார்ச்சில் கைமாறியிருக்கிறது. இடையில் வந்தது 2015 டிசம்பர் வெள்ளம். அன்று தென் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்குத் தீர்த்த வண்டிகள் பலவும் ஏலத்துக்குப் போய், சுத்தம் செய்யப்பட்டு, வெளி மாவட்டங்களில் விலைபோயின.

இந்த வண்டி அப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஓனருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கலாம். ஆனால் சரிபார்க்காமல் விடக்கூடாது. 2015 டிசம்பருக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையில் பெரிய வேலை நடந்ததா என்று சர்வீஸ் பதிவில் பாருங்கள். பிறகு வண்டியில்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சுருளுக்குள் இருக்கும் பகுதியில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் விரலை விட்டுத் தடவினால் நைஸான களிமண் ஒட்டும். டேஷ்போர்டின் கீழ் வயர் கப்ளர்களைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும்.

வெள்ளத்தில் நின்றிருந்து, அதன்பின் பத்து வருடம் ஓடிய வண்டி என்றால் இன்ஜினுக்கு வர வேண்டிய கேடு ஏற்கெனவே வந்து போயிருக்கும். மிச்சம் இருப்பது அடித்தளத் துருவும், காரணமே தெரியாமல் வந்துபோகும் எலெக்ட்ரிக்கல் கோளாறும். மழைக்காலத்தில் மட்டும் எரியும் வார்னிங் லைட்டுக்குப் பின்னால் பட்டறை பட்டறையாக அலைய உங்களுக்கு நேரம் இருக்காது. இந்தச் சோதனையில் இரண்டு அடையாளம் கிடைத்தாலே விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும்.

வண்டியைப் பார்க்கும் நாள்

காலை ஆறு, ஆறரைக்குப் போங்கள். முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்காமல் திரும்பிவிடலாம்.

டிசையர், ரிட்ஸ் வேலை தெரிந்த, புரோக்கருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார், கொடுங்கள். அவர் பார்க்க வேண்டியவை:

ஸ்டார்ட் ஆனதும் செயின் சத்தமும் புகையும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அடர்ந்த கறுப்புப் புகை வந்தால் இன்ஜெக்டரோ இ.ஜி.ஆரோ டர்போ ஹோஸோ. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை வந்தால், கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதே இடத்தில் சும்மா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக அதிர்ந்தால் இந்த வயதுக்குச் சரி. மூடி துள்ளி, புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அது இன்ஜின் வேலை, அந்த வண்டி வேண்டாம்.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட விடுவார்கள். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவு சேர வேண்டும். ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. ரீகண்டிஷன் செய்தாலும் ஒன்றுக்கு 6,000-க்குக் குறையாது, புதிது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எர்ரர்களைக் காட்டும் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். எர்ரர் எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. நேற்று இரவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்று காட்டலாம். அதனால் ஓட்டிப் பார்த்துத் திரும்பிய பிறகு இன்னொருமுறை போட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனை வரை போய் வருவதல்ல. சத்தியமங்கலம் வழியாகப் பண்ணாரி வரை போய், முடிந்தால் திம்பம் மலைப்பாதையில் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு ஏற்றுங்கள். டர்போவும் கூலிங்கும் கிளட்சும் ஏற்றத்தில்தான் உண்மையைச் சொல்லும். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால், ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடித்தால் டக்டக் சத்தம் கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். மேடு பள்ளத்தில் கொடகொட என்றால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட். இவை பயப்பட வேண்டிய செலவில்லை, விலையில் கழிக்க வேண்டிய செலவு.

டயரில் பட்டன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதோடு, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வேகன் ஆரில் இது மிக முக்கியம். குறைவாக ஓடிய வண்டியில் டயர் தேயாமல் புதிது போலத் தெரியும், ரப்பர் மட்டும் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்டிருக்கும். கூலன்ட் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் ஹோஸ், இன்ஜின் மவுன்டிங் எல்லாம் அப்படித்தான். அதிலும் 20,000 முதல் 30,000 வரை செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

விலைக் கணக்கு

டிசையரில் செயின் கிட் 18,000, கிளட்ச் செட் 12,000, சஸ்பென்ஷன் 15,000, நான்கு டயர் 20,000, எல்லா ஆயிலும் ஃபில்டரும் 8,000. எதையுமே மாற்றியதற்கு பில் இல்லையென்றால் இந்த 73,000-ம் உங்கள் தலையில். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸுக்கு ஒரு 15,000. வெளிப் பட்டறைக் கணக்கில் இவை உத்தேசத் தொகைகள்தான். ஆனாலும் 3,60,000-க்கு வாங்கும் வண்டி சாலைக்கு வரும்போது 4,48,000 ஆகிவிடும். டர்போ, இன்ஜெக்டருக்கு என்று எதையும் இதில் சேர்க்கவில்லை. நகைக்கடன் வாங்கி வண்டி எடுத்துவிட்டு, ரிப்பேருக்கு இன்னொரு நகையை வைப்பது நடக்கக்கூடாது. வண்டி விலை போக குறைந்தது 60,000 கையில் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எல்லாச் சோதனையிலும் தேறிய நிலையிலும் 2,80,000-க்கு மேல் இந்த வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாங்கும் முன் இரண்டு வண்டியிலும் அவரை உட்காரவைத்துப் பாருங்கள். டிசையரின் பின் சீட் தாழ்வானது. மூட்டுவலி உள்ளவர் தொப்பென்று உட்கார வேண்டும், எழும்போது கை கொடுக்க வேண்டும். வேகன் ஆரின் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும், கூரையும் உயரம், குனியாமல் ஏறலாம். டிக்கி சின்னது, அது ஒன்றுதான் குறை.

பேப்பர் விஷயம்

மெக்கானிக்கல் தவறைப் பணத்தால் சரிசெய்துவிடலாம். பேப்பர் தவறு அப்படியல்ல.

வங்கியின் பெயர். ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (கடனுக்கான ஈட்டுப் பதிவு) இருக்கும்வரை வங்கிக்கு அந்த வண்டியில் உரிமை உண்டு. கடன் முடிந்தது உண்மையானால் ஓனர் வங்கியின் என்.ஓ.சி.யையும் ஃபார்ம் 35-ஐயும் கொடுத்து முதலில் நீக்கட்டும். "அப்புறம்" என்ற பேச்சே வேண்டாம். முழுப் பணம் கொடுத்த பிறகு என்.ஓ.சி.க்காக ஓனர் பின்னால் அலைவது நீங்களாகத்தான் இருக்கும்.

பெயர் மாற்றம். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது நம் ஊரில் வழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள். இடையில் ஓனர் இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை, வாரிசுகளைத் தேட வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓனரின் மொபைலுக்கு ஓடிபி போகிறது, அவர் ஊர் மாறி நம்பர் மாற்றிவிட்டால் அதுவும் சிக்கல். ஓனரிடம் இதைப் பேசும்போது அவருக்கும் ஆபத்து இருப்பதைச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைக் கேட்டால் அவரே அவசரப்படுவார்.

இன்ஷூரன்ஸ். "மார்ச் வரை ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று புரோக்கர் சொன்னது உங்களுக்கு அரைகுறைப் பாதுகாப்புதான். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள்.

புரோக்கர். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்பவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்ட டீலரிடம் வாங்கி, மீட்டரைக் குறைத்ததோ விபத்தை மறைத்ததோ தெரியவந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி இருக்கிறது. உங்கள் புரோக்கரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சட்டப்படி நீங்கள் வாங்குவது ஒரு தனிநபரிடமிருந்து, புரோக்கர் நாளை கைவிரிக்கலாம். பணத்தை ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

பரிவாகன் தளத்தில் இ-சலான் பாக்கியையும் பாருங்கள், அபராதம் நிலுவையில் இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கும்.

டோக்கன் விஷயத்தில், 20,000 கொடுக்காதீர்கள். 5,000 போதும், அதுவும் ஒரு தாளில் எழுதி: "மெக்கானிக் சோதனையில் பெரிய குறை இருந்தாலும், பத்து நாளுக்குள் வங்கி என்.ஓ.சி. வராவிட்டாலும் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்." ஓனர் கையெழுத்துப் போடட்டும். ஞாயிறு போனால் வேறு பார்ட்டி எடுத்துவிடும் என்பார்கள். எடுக்கட்டும். டிசையர் டீசலுக்குப் பஞ்சமில்லை.

எந்த வண்டியை எடுத்தாலும் டெலிவரி எடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாலை நாலு மணி என்று எழுதினால், அதற்கு முன் நடந்த விதிமீறலும் விபத்தும் அவருடையது, பின்னால் நடப்பது உங்களுடையது. பழைய ஃபாஸ்டேக்கை ஓனர் மூடட்டும், நீங்கள் புதிது வாங்குங்கள். சாவி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மீட்டர் என்ன சொன்னாலும், போன மாதம்தான் சர்வீஸ் ஆனது என்று சத்தியம் செய்தாலும், வீட்டுக்கு வந்த வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் என்றால் டீசல் ஃபில்டரும். முதல் ஆயிரம் கி.மீ. வரை வாரம் ஒருமுறை, காலையில், வண்டி சமதரையில் நிற்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.